அப்படியே வந்திருக்கு

சுவருக்கு அந்தப் பக்கம் ஊதல் இயந்திரம் உறுமி எழுந்தது. முதலில் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு கரகரப்பு. பிறகு சத்தம் மெல்ல ஏறி ஒரே சுருதியில் நின்று இரைந்தது. அவள் மேசையில் இருந்த தண்ணீர் தம்ளருக்குள் சின்னச் சின்ன வட்டங்கள் நடுங்கின.

விரல்கள் விசைப்பலகைமேல் இருந்தும் அவள் எதையும் தட்டவில்லை. கண் திரையில் இருந்தது, காது சுவரில் இருந்தது. இந்தச் சத்தத்தைக் கேட்டால் இத்தனை வருஷமும் அவளுக்கு வயிறு குளிரும். நம் வீட்டு ஆள் வேலையில் இருக்கிறான் என்று ஒரு நிம்மதி வரும். இன்று அந்த நிம்மதி வரவில்லை.

காரணம், காலையில் ஸ்கூட்டரில் வரும்போது அவள் தன் கணவனிடம் ஒரு பொய் சொல்லியிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் சொன்ன முதல் பொய். அந்தப் பொய்தான் இப்போது அடுத்த அறையில் சோதனையில் இருந்தது. ‘என் பொய் பொய்யாகவே திரும்பி வரட்டும், கடவுளே’ என்று ஒரு பெண் மனத்துக்குள் மன்றாடுவதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவள் அன்று அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் அவளுக்குக் காத்துக்காரி என்று பெயர். முகத்துக்கு எதிரேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் சிரித்துக்கொண்டே திரும்புவாள். இஞ்சின் செய்கிற அந்த நிறுவனத்தில் காற்றுக்குக் கணக்குப் போடுவது அவள் வேலை.

காற்றோடு அவளுக்கு உறவு சிறு வயதிலேயே தொடங்கிவிட்டது. அவள் அப்பாவுக்கு இழுப்பு நோய். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு மூச்சையும் கடன் வாங்குவதுபோல இழுப்பார். அடுத்த அறையில் படித்துக்கொண்டிருக்கும் பெண், சுவர் வழியாக அந்தச் சத்தத்தைக் கேட்டே, இன்று அப்பாவுக்குத் தேவலையா மோசமா என்று சொல்லிவிடுவாள். மூச்சுக் குழாய் கொஞ்சம் சுருங்கினால் ஒரு ஆள் என்ன பாடு படுவான் என்று பார்த்து வளர்ந்தவளுக்கு, இஞ்சினும் மூச்சு விடுகிற ஜீவன்தான் என்று கல்லூரியில் சொன்னபோது வேறு எதுவும் படிக்கத் தோன்றவில்லை.

இஞ்சின் உள்ளே இழுக்கும் காற்று, அதன் தலைப்பகுதியில் குடைந்திருக்கும் வளைந்த வழியாக நுழைந்து, வால்வைச் சுற்றிக்கொண்டு, சுழன்றபடி சிலிண்டர் உருளைக்குள் இறங்க வேண்டும். காற்றும் வேண்டிய அளவு போக வேண்டும், சுழலும் வேண்டிய அளவு இருக்க வேண்டும். சுழல் குறைந்தால் எரிபொருள் கலக்காது, புகை தள்ளும். கூடினால் காற்றே பற்றாது. அந்த வழியை லட்சக்கணக்கான பொடிக் கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகும் என்று கணினியைக் கணக்குப் போட வைப்பாள் அவள். நடுவில் ஓடும் காற்று சாது. சுவரை உரசிக்கொண்டு போகும் காற்றுதான் வம்பு. திடீரென்று பிரியும், சுருளும், திரும்பி வரும். அதன் குணத்தைப் பிடிக்கிறவருடைய கணக்குத்தான் நிற்கும்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. உண்மையான தலைப்பகுதியை ஒரு மேடையில் பூட்டி, ஊதலை ஓடவிட்டுக் காற்றை உறிஞ்சி, உள்ளே ஒரு குட்டிக் காற்றாடி எத்தனை வேகத்தில் சுற்றுகிறது என்று அளக்க வேண்டும். அந்த மேடையைப் பார்த்துக்கொள்கிறவன்தான் அவள் கணவன். அவனை ஊதல்காரர் என்பார்கள்.

அவர்கள் சந்தித்த கதையை அலுவலகத்தில் சொல்லாத ஆளில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கணக்கு ஒரு பக்கம் போகும், காற்று ஒரு பக்கம் போகும். கணக்குக்காரர்களை மேடைக்காரர்கள் கேலி பேசுவதே அங்கே பொழுதுபோக்கு. அவள் வரைபடத்தை நம்பவில்லை. தலைப்பகுதிக்குள் ரப்பர் குழம்பை ஊற்றி, அது இறுகியதும் உருவி எடுத்து, உள்ளே இருக்கும் வளைவு நெளிவையெல்லாம் அப்படியே அச்சாகப் பிடித்தாள். அதை அளந்து கணினிக்குள் ஏற்றினாள். சுவரோரக் கட்டங்களை வெங்காயத் தோல்போல மெல்லிய அடுக்குகளாக உரித்தாள். கடைசியில் ஒரு எண்ணை எழுதி மேடைக்கு அனுப்பினாள்.

அன்று மத்தியானம், சத்தத்துக்குப் போடும் காது மறைப்பைக் கழுத்தில் மாலைபோலத் தொங்கவிட்டுக்கொண்டு, கை நிறைய எண்ணெய்க் கறையோடு ஒருவன் அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

“யாருங்க இந்தக் கணக்கு போட்டது?”

அவள் பயந்துகொண்டே எழுந்து நின்றாள்.

“அப்படியே வந்திருக்கு,” என்றான் அவன், வாயெல்லாம் பல்லாக.

அந்த இரண்டு சொல்லுக்கு அவள் கழுத்தை நீட்டினாள் என்று தோழிகள் சொல்வது முழுப் பொய் இல்லை. கல்யாணத்துக்கு அவன் கொடுத்த பரிசு அதே தலைப்பகுதிதான். கழித்துப் போட்டிருந்ததைக் கேட்டு வாங்கி, பளபளவென்று துடைத்துக்கொண்டு வந்தான்.

“ஊருல அவனவன் பொண்டாட்டிக்குச் சங்கிலி வாங்கிக் குடுக்கறான். என் புள்ளை இரும்புக் கட்டி குடுத்திருக்கான்,” என்றாள் மாமியார்.

“இரும்பு இல்லை அத்தை, அலுமினியம்.”

“அது இன்னும் மட்டம்.”

அந்த வீட்டு வாசற்கதவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கொஞ்சம் காற்றடித்தாலும் படாரென்று அறைந்து சாத்திக்கொள்ளும். அலுமினியத் தலையைக் கொண்டுபோய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்தவளும் மாமியார்தான். “ஏதோ ஒரு வேலைக்காவது ஆகட்டும்,” என்றாள். அன்றிலிருந்து அது அங்கேயே உட்கார்ந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பும்போது காலால் அதை லேசாகத் தொட்டுவிட்டுப் போவது அவளுக்கு வழக்கம்.

இருவருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. புது இஞ்சினின் தலைப்பகுதி மேடைக்கு வரும் நாளில், ஸ்கூட்டரில் போகும்போது அவன் முன்னால் பார்த்தபடியே கேட்பான்: “இன்னிக்கு எவ்வளவு வரும், சொல்லு பாக்கலாம்.” அவள் அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு எண்ணைச் சொல்வாள். சாயங்காலம் அவன் வருவான், காது மறைப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. “அப்படியே வந்திருக்கு.”

எத்தனை இஞ்சின், எத்தனை தலை. ஒவ்வொன்றும் அப்படியே வந்தது. அவள் கணக்குக்கும் அவன் அளவுக்கும் உள்ள ஒட்டுறவைப் பார்த்து அலுவலகமே மூக்கின்மேல் விரல் வைத்தது. இஞ்சினை ஓட்டிப் பார்க்கும் பகுதியினர் மட்டும், புகை அடங்கவே மாட்டேன் என்கிறது, சரிக்கட்டச் சரிக்கட்ட உயிர் போகிறது என்று முனகுவார்கள். அவர்களுக்குக் குறை சொல்வதே குணம் என்று அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாவம், அவர்கள் முனகல் ஒன்றுதான் அந்தக் கட்டிடத்தில் அவளோடு உண்மை பேசியது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

இந்த நல்ல பெயரின் உச்சியில்தான் அவர்கள் பிரிவுத் தலைவர் ஒரு முடிவு எடுத்தார். எப்போதும் சிரித்த முகமாக இருப்பதால் அவருக்குச் சிரிப்பு சார் என்று பெயர். அடுத்த இஞ்சினுக்கு மாதிரித் தலை வார்த்து, மேடையில் ஏற்றி அளக்கும் வேலையே வேண்டாம். காத்துக்காரியின் கணக்கு போதும். அவள் சரி என்று ஒப்புதல் தந்தால் நேராக உற்பத்திக்கு வார்ப்பு அச்சு வெட்டிவிடலாம்.

தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். அவளுக்கோ பயம் வந்தது, நல்ல பயம். அச்சு வெட்டிய பிறகு தப்பு தெரிந்தால் திரும்ப முடியாது. அதனால் தன் கணக்கை இன்னும் நுட்பமாக்க வேண்டும் என்று, போன இஞ்சினின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு கட்டங்களை மேலும் பொடியாக நறுக்கத் தொடங்கினாள். வால்வு நகரும் இடத்தில் ஒரு சந்தேகம் வந்தது. கிடங்குக்குப் போய் உண்மையான தலையைக் கையில் எடுத்து, விளக்கடித்து உள்ளே பார்த்தாள்.

வால்வின் தண்டு ஏறி இறங்க ஒரு சின்னக் குழாய் உண்டு. அவளுடைய கணக்கில் அந்தக் குழாய் காற்று வழிக்குள் ஒரு விரல்போல நீட்டிக்கொண்டிருந்தது. கையில் இருந்த தலையில் அப்படி எதுவும் நீட்டவில்லை. சுவரோடு சுவராக வழித்திருந்தது. வார்ப்பதற்கு முன்பே வரைபடத்தை மாற்றியிருக்கிறார்கள். அவள் பழைய வரைபடத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறாள். வரைபடத்தை நம்பாதே என்று இத்தனை பேருக்குப் பாடம் எடுத்தவள் ரப்பர் அச்சு எடுக்கச் சோம்பல்பட்டு, கணினியில் கிடந்ததை எடுத்துக்கொண்டதன் வினை.

நாக்கைக் கடித்துக்கொண்டு குழாயை வெட்டிவிட்டு, கணக்கை மறுபடி ஓட்டினாள். சுழல் எங்கோ போய் நின்றது. மேடையில் அளந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சரியான வடிவம் தப்பான விடை தந்தது. தப்பான வடிவத்துக்கு வந்த விடையோ மேடையில் அளந்ததோடு அச்சுப் பிசகாமல் பொருந்தியிருந்தது. கட்டங்களை மாற்றிப் பார்த்தாள், சுவரோர அடுக்குகளைக் கூட்டிப் பார்த்தாள், சுழலைக் கணிக்கும் முறையையே மாற்றிப் பார்த்தாள். தன் அறிவில்தான் எங்கோ ஓட்டை என்று பல நாள் தன்னையே குடைந்துகொண்டாள். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் கொடியில் இருந்து துணி எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோது, அவன் சட்டையின் கையை மடக்கிய அந்த இடத்தில், எண்ணம் வந்து உறைத்தது.

நான் கணக்குப் போட்டது இல்லாத ஒரு வடிவத்துக்கு. அவர் அளந்தது இருக்கிற வடிவத்தை. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

சட்டையை மடிக்காமல் அப்படியே மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இருக்காது, இருக்காது என்று மனசு அடித்துக்கொண்டது. புருஷனைச் சந்தேகிக்கிற பெண்களை எவ்வளவு ஏளனமாகப் பேசியிருக்கிறாள் அவள். அந்தச் சந்தேகத்தைக் கொன்றுவிடத்தான் இன்று காலை ஸ்கூட்டரில் அந்தப் பொய்யைச் சொன்னாள். கிடங்கில் கிடந்த வேறொரு தலையை அளக்கச் சொல்லியிருந்தாள். அவன் வழக்கம்போலக் கேட்டான். அவள், எந்தக் கணக்கிலும் வராத, அந்த வளைவுக்குள் எந்தக் காற்றும் சுழன்றிருக்க முடியாத ஒரு பெரிய எண்ணைச் சொன்னாள். “பரவாயில்லையே, இந்தத் தடவை நல்லாச் சுத்தும்போல,” என்றான்.

ஊதல் நின்றது. சத்தம் படிப்படியாக இறங்கி, பெருமூச்சு விட்டு அடங்கியது. தம்ளரில் தண்ணீர் அசையாமல் நின்றது.

கதவு திறந்தது. காது மறைப்பு கழுத்தில் தொங்கியது. முகத்தில் அதே சிரிப்பு.

“அப்படியே வந்திருக்கு,” என்றான் அவள் கணவன்.

அவன் இன்னொருத்தியோடு கைகோத்து வந்து நின்றிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அப்படி ஒரு துரோகத்துக்கு அழுகை உண்டு, சண்டை உண்டு, ஆறுதல் சொல்ல நாலு பேர் உண்டு. இதை யாரிடம் போய்ச் சொல்வாள்? என் புருஷன் நான் சொன்னதெல்லாம் சரி என்று சொல்லிவிட்டான் என்றா? கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அன்று வீடு திரும்பும்போது அவள் தாடை அவன் தோளில் இல்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், காலையில் சொன்னது பொய் எண் என்றாள்.

அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை அவள் பார்த்தாள். மறுக்க வாயெடுத்தான். முடியவில்லை. முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அந்தக் காற்றாடி ஒரே சீராகச் சுற்றாதாம். ஒரு நேரம் கூடும், ஒரு நேரம் குறையும், எந்த அளவை எடுப்பது என்று மேடையில் நிற்பவன்தான் முடிவு செய்ய வேண்டுமாம். ஒரு முறை கணக்கு விலகி வந்தது. அவள் அப்பா மூச்சு நின்று போன சமயம் அது. சாம்பல் பூத்த முகத்தோடு அவள் திரைமுன் உட்கார்ந்திருந்ததை எட்டிப் பார்த்தானாம். தோற்றுப் போனாய் என்று அவளிடம் போய்ச் சொல்ல மனசு வரவில்லையாம். அவள் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த அளவுகளை மட்டும் பொறுக்கி எடுத்தான். அடுத்த தலைக்கு, போன தடவைக்குப் பொருந்த வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம். அப்புறம் பொறுக்க வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போயிற்று.

“பழகிப் போச்சும்மா,” என்றான். “நீ அந்த நேரத்துல சிரிக்கற பாரு, அதுக்காக.”

“எனக்கு ஒத்து ஊதியிருக்கீங்க. இத்தனை வருஷமா.”

“உனக்குக் கஷ்டம் வேண்டாம்னுதான்.”

“எனக்குக் கஷ்டம்தாங்க வேணும். ஒரு தடவை தப்பு வந்திருந்தா, எங்கே தப்புன்னு தேடியிருப்பேன். ஒரு விஷயம் கத்துக்கிட்டிருப்பேன். கத்துக்கவே விடாம வெச்சிருக்கீங்க. கண்ணைக் கட்டிவிட்டு, நல்லா நடக்கறேன்னு கை தட்டியிருக்கீங்க.”

சமையலறையிலிருந்து மாமியார் வந்துவிட்டாள். விஷயத்தை இரண்டு தரம் கேட்டுப் புரிந்துகொண்டாள். தன் மகன் குடித்தானா, கை நீட்டினானா, பொண்டாட்டி சொன்னதுக்கு ஆமாம் சாமி போட்டான், இப்படி ஒருத்தன் கிடைக்கமாட்டானா என்று எத்தனை பெண்கள் ஏங்குகிறார்கள், இதற்கு ஒரு அழுகையா என்று பொரிந்தாள். காத்துக்காரி செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தாள். அப்பா சாகும் வரை அவரைப் பார்த்த மருத்துவர் ஒருவர் உண்டு. வரும்போதெல்லாம், மூச்சு நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் ஞாபகம் வந்தது அவளுக்கு.

அவளிடம் ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதைக் கேட்கப் பயந்து, வாசலில் முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்த அலுமினியத் தலையையே வெகுநேரம் பார்த்தாள். கேட்டாள்.

“அது?”

“அது நிஜம்,” என்றான் அவன் உடனே. “உன் மேல சத்தியமா நிஜம். அன்னிக்கு நீ யாருன்னே எனக்குத் தெரியாதே. அப்படியேதான் வந்துச்சு.”

அவளுக்கு நம்ப வேண்டும்போல இருந்தது. ஓடிப்போய் அந்த ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. அது நிஜமானால் அவள் முறைக்கு வேர் இருக்கிறது. நடுவில் கோணியதை வெட்டி எறிந்துவிட்டு, அங்கிருந்து மறுபடி தொடங்கலாம். அது பொய்யானால் அவள் படிப்பும் பெயரும் கல்யாணமும் எல்லாமே காற்றில் கட்டினவை. ஆனால் அது நிஜம் என்று சொன்னதும் அதே வாய்தானே. அவன் உண்மை சொன்னாலும் அதை உண்மையென்று எடுத்துக்கொள்ள முடியாத இடத்துக்கு அவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அவன் செய்ததிலேயே பெரிய கொடுமை அதுதான்.

வாரக் கடைசியில் கொடுத்திருக்க வேண்டிய ஒப்புதலை அவள் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சட்டைப் பையில் பேனாவும் முகத்தில் சிரிப்புமாகச் சிரிப்பு சார் வீட்டுக்கே வந்துவிட்டார். மாமியார் ஓடிப்போய் டீ போட்டாள். வந்தவர் அலுமினியத் தலையைத் தாண்டி உள்ளே வரும்போது, இதை இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று வேடிக்கையாகக் கேட்டார். புது இஞ்சினின் அச்சு வெட்டுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதாகவும், அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் சொன்னார். அவள் கணவன் சுவரோரமாக, தப்பு செய்து பிடிபட்ட பள்ளிப் பையன்போல நெளிந்துகொண்டு நின்றான்.

அவள் எதையும் மறைக்கவில்லை. கிடங்கில் பார்த்ததில் தொடங்கி, தான் சொன்ன பொய் எண் மேடையில் அளவாகித் திரும்பி வந்தது வரை, தலை குனியாமல் சொன்னாள். பழைய வரைபடத்தை எடுத்தது தன் தப்பு என்பதையும் சொன்னாள். சார் அதிர்ந்து போவார், கோபப்படுவார், கணவனின் வேலைக்கே உலை வைப்பார் என்று நெஞ்சைக் கெட்டியாக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் டீயை ஒரு வாய் குடித்தார்.

“அவ்வளவு அழகா எங்கேயும் பொருந்தாதும்மா,” என்றார் சாவகாசமாக. “நானும் இதே வேலையில தலை நரைச்சவன். எனக்குத் தெரியாதா?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அறையே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“தெரிஞ்சுமா சார் சும்மா இருந்தீங்க?”

“தெரியும்னு சொல்ல முடியாது. கேக்கலை, அவ்வளவுதான். நீ சந்தோஷமா வேலை செஞ்சே. தம்பியும் சந்தோஷமா இருந்தான். மேலிடத்துல நம்ம பிரிவுக்கு நல்ல பேரு. நடுவுல நான் போய் எதுக்கும்மா கேக்கணும்?” புதுத் தலையிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் இஞ்சின் ஓட்டுகிறவர்கள் சரிக்கட்டிக்கொள்வார்கள் என்றார். அதற்குத்தானே அவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, அந்தக் கட்டிடத்தில் அவள் கணக்கை முழுசாக நம்பிய ஒரே பைத்தியம் அவள்தான். ஒரு துரோகத்தைச் சொல்லிக் கழுவ வந்தவளுக்கு எதிரே இன்னொன்று உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. சின்ன வயதில், சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் மூச்சு தப்பும்போது, கை நடுங்காமல் எழுந்துபோய் அவரைத் தூக்கி உட்கார வைப்பாளே, அந்த நிதானம் வந்தது.

“ஒப்புதல் குடுக்க மாட்டேன் சார்,” என்றாள். “மாதிரித் தலை வார்க்கணும். அளக்கணும். அதுக்கு முன்னாடி இன்னொண்ணு வேணும்.” எழுந்துபோய் வாசற்கதவுக்கு முட்டாக இருந்த அலுமினியத் தலையைக் காட்டினாள். “இதை எடுத்துட்டுப் போங்க. வெளியில, நம்ம பேரே தெரியாத ஒரு இடத்துல அளக்கக் குடுங்க. கணக்குல எவ்வளவு வந்துச்சுன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. என்ன வருதோ அதை எனக்கு மட்டும் சொல்லுங்க.”

“இது பழைய குப்பைம்மா.”

“இதுக்கு நான் அச்சு எடுத்துக் கணக்கு போட்டேன் சார். அளந்தவருக்கு அன்னிக்கு என்னைத் தெரியாது. எங்கிட்ட இருக்கறதுல பொய் கலக்காம இருக்கச் சாத்தியம் உள்ளது இது ஒண்ணுதான்.”

“பொருந்தலைன்னா என்ன பண்ணுவே?”

“எங்கே தப்புன்னு தேடுவேன். இத்தனை வருஷம் யாரும் எனக்கு அந்த வாய்ப்பைக் குடுக்கலை.”

சார் அவளைப் பார்த்தார், பிறகு அவள் கணவனைப் பார்த்தார். அவள் ஒப்புதல் இல்லாமல் அச்சு வெட்ட முடியாது என்பது இருவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் அவள் பார்த்தது அன்றுதான். அப்படிப் பார்க்கும்போது அவர் வெறும் களைத்துப்போன மனிதராகத் தெரிந்தார். சரி என்று தலையாட்டி, டீத் தம்ளரைக் கீழே வைத்தார்.

மாமியார் உள்ளேயிருந்து ஒரு பழைய துண்டைக் கொண்டுவந்தாள். என்ன நினைத்தாளோ, வாய் திறக்காமல் தானே குனிந்து அலுமினியத் தலையில் படிந்திருந்த தூசியைத் துடைத்தாள். அவள் கணவன் வந்து அதைத் தூக்கினான். துண்டில் சுற்றினான். வாசற்படிக்கு வெளியே நின்று சார் இரு கைகளையும் நீட்டியபோது, அவன் அதை உடனே கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றான். அது பிரியமா, பயமா? அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அவளால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷம் படுக்கையில் பக்கத்தில் படுத்தவனின் முகத்தைப் படிக்க அவளுக்குத் தெரியவில்லை.

கொடுத்துவிட்டான். கனத்தில் சார் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பிறகு சமாளித்துக்கொண்டார்.

“எவ்வளவு வரும்...” என்று தொடங்கினான் அவன், வருஷக்கணக்கான பழக்கத்தில், அவள் பக்கம் பாதி திரும்பி. தன் குரலைத் தானே கேட்டதும் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

அவள் சொல்லவில்லை.

சார் படியிறங்கி, துண்டுச் சுமையோடு தெருவில் நடந்தார். திருப்பத்தில் ஒரு முறை நின்று கை மாற்றிக்கொண்டார். பிறகு மறைந்தார். கதவுக்கு எதையாவது முட்டுக் கொடு என்றாள் மாமியார், யாரிடம் என்றில்லாமல். இருவரும் அசையவில்லை. தெருவிலிருந்து காற்று வந்தது. முன்கூடத்துத் திரைச்சீலை உப்பியது. வாசற்கதவு தானாக நகர்ந்து, வேகம் பிடித்து, படாரென்று சாத்திக்கொண்டது.